ஒரு மூச்சுக்கு ஒரு வளைவு

நேற்று மத்தியானம் உங்களில் ஒருவர், வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம், "எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார், நீங்க யூஸ் பண்றதுலதான் தப்பு" என்று சொன்னது உள்ளே என் காதில் விழுந்தது. யார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும். சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டேன். ஏனென்றால் அதே வாக்கியத்தை, கிட்டத்தட்ட அதே தொனியில், நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதை நம்பி ஒரு மனிதர் தன் பிழைப்பையே விட்டுவிடப் பார்த்தார். இந்த மாதத்தோடு இந்தக் கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் மேஜையை விட்டு எழுந்திருக்கப் போகிறவள் என்ற உரிமையில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கிற ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

தேனிக்கு வருவதற்கு முன்னால் நான் கம்பத்தில் கேம் சென்டர் நடத்தினேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறை, எட்டு சிஸ்டம், ஒரு யுபிஎஸ். காலையில் டைப்பிங்கும் பிரவுசிங்கும், சாயங்காலம் கல்லூரிப் பையன்களுக்கு கேம். நான் ராயப்பன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கிற பெண்பிள்ளையை அப்போது யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். நான் கையில் கம்ப்யூட்டரின் ராம் சிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, "சார் இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்பார்கள். அதனால் 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை என் வாயிலிருந்து ஒருவரும் கேட்டுவிடக் கூடாது என்று வீம்பு பிடித்திருந்தேன். அந்த வீம்புதான் எனக்குச் சோறு போட்டது. அதே வீம்புதான் என்னைக் குப்புறத் தள்ளவும் செய்தது.

டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிகள் அப்போது பணக்காரர் வீட்டில்தான் இருக்கும். எங்களிடம் இருந்தது எமுலேட்டர். உங்களுக்கு அது ஒரு டவுன்லோடு, அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மெய் சிலிர்க்கும். ஒரு மிஷினுக்காக எழுதின ஆட்டத்தை முன்பின் தெரியாத இன்னொரு மிஷினில் போடுகிறோம். சிடி உள்ளே போனதும், 'நீ அந்தப் பெட்டிதானா?' என்று கேட்கிறது. நம் சிஸ்டம் கண் இமைக்காமல் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு, நொடிக்கு லட்சம் தடவை அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே ஓடுகிறது. கேரள எல்லையில், குமுளிச் சந்தையில் நம் ஊர்க்காரர்கள் மலையாளம் பேசி வியாபாரம் பண்ணுவார்களே, அந்த மாதிரிதான். பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, ஏதோ ஒரு வார்த்தையில் கம்பம் எட்டிப் பார்த்துவிடும். எமுலேட்டரில் அந்த வார்த்தை வரும் இடத்தில்தான் படம் உடையும். வானம் தரைக்கு வரும், ஆளுக்கு முகம் இருக்காது, புல் இருக்க வேண்டிய இடத்தில் கருப்புக் கட்டம் நிற்கும். அந்தப் பொய் எங்கே நழுவியது என்று தேடிப் பிடிப்பதுதான் என் வேலை.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் ஆரம்பத்தில் பத்து செட்டிங்கை ஒரேயடியாக மாற்றுவேன். படம் சரியாகிவிடும், எதனால் சரியானது என்று தெரியாது. மறுநாள் வேறொன்று உடையும். ஒருமுறை கால்பந்து ஆட்டம் ஒன்றைச் சரிசெய்கிறேன் என்று போய், பந்தையே காணாமல் அடித்துவிட்டேன். இருபத்திரண்டு பேர் மைதானத்தில் ஒன்றுமில்லாததைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். பையன்கள் அதையும் காசு கொடுத்து ஒரு மணி நேரம் விளையாடினார்கள் என்பது வேறு கதை. அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே எழுது. இது வரைக்கும் நல்ல பழக்கம்.

அடுத்து வந்ததுதான் வினை. பையன்கள் எமுலேட்டரின் வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டு, ஒரு மணி நேர ஆட்டத்தை அரை மணியில் முடிக்கப் பழகிக்கொண்டார்கள். ஒவ்வொரு சிடிக்கும் உரிய வேகத்தை எமுலேட்டரே கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை நான் எடுத்துவிட்டு, நொடிக்கு அறுபது படம் என்று கையால் எழுதிப் பூட்டினேன். என்னிடம் இருந்த சிடிகள் எல்லாமே அறுபதில் ஓடுகிறவை. ஒரு சிஸ்டத்தில் சரியாக வந்ததும் அப்படியே எட்டுக்கும் காப்பி போட்டேன். மானிட்டருக்கு மேல் ஒரு சீட்டு: 'செட்டிங்கில் கை வைக்காதீர்கள்.' பிறகு அந்த எண்ணை நானே மறந்துபோனேன்.

இப்போது அந்த மனிதர் வருகிறார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்பத்துக்காரர், ராவுத்தர், எனக்குப் பத்து வயது மூத்தவர். பாய் என்றே கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருந்தார். விடிகாலையில் பதினைந்து பெண்கள் அதில் ஏறுவார்கள், சாயங்காலம் அதிலேயே இறங்குவார்கள். சாரல் பிடித்த ஒரு காலையில், கம்பம்மெட்டு ஏற்றத்தில், எதிரே இறங்கின லாரிக்கு ஒதுங்கும்போது ஜீப் வழுக்கிப் பாறையில் மோதிச் சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் போகாததால் எல்லாரும் பிழைத்தார்கள். பெண்கள் சிலருக்குக் காயம். அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். நான் அவரை முதலில் பார்த்தபோது கட்டெல்லாம் பிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கையில் ஒரு சிடியை வைத்துக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"தங்கச்சி, இது இங்கன ஓடுமா? துபாய்ல இருந்து என் தம்பி கொண்டாந்தது. பொட்டி வீட்ல இருந்துச்சு, வோல்டேஜ் ஏறிப் பொகஞ்சு போச்சு."

கார் ஓட்டுகிற ஆட்டம். இந்த வயதில் இவருக்கு எதற்கு என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே சொன்னார்.

"இதுல ஒரு மலைரோடு இருக்கு. நாலு வருசமா வெள்ளிக்கிழமை ஆனா ஓட்டுவேன். எந்த வளைவு எங்கன வரும், எங்கன வேகத்தை விடணும், எல்லாம் கைக்குத் தெரியும். டாக்டர் என்னைய வண்டி ஓட்டலாம்னுட்டாரு. அவுக சொல்லிப்புடுவாக. அவுக வண்டியிலயா பதினஞ்சு பொம்பளையாளுக ஏறப்போறாக? கை பழைய கைதானான்னு எனக்குத் தெரியணும். இதுல பாத்தா தெரிஞ்சுபோகும். இதுல மோதுனா யாரும் சாக மாட்டாகல்ல."

வண்டன்மேட்டுக்காரர் ஒருவர் அவருடைய ஜீப்பை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறார், அதற்குள் இவர் முடிவு சொல்ல வேண்டும். ஜீப்பில் கியர் போடுவது இடது கை. ஆட்டத்தில் வண்டியைத் திருப்புவதும் இடது கைக் கட்டைவிரல். தன் கையை நிறுத்துப் பார்ப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே தராசு அந்த ஆட்டம். அதை என் கடையில் வந்து கேட்டார்.

சிடியைப் போட்டதும் ரோடு கிடையாது. கார் நெருங்க நெருங்கத் தார் கருப்பாகக் கரைந்தது, மலைக்குள்ளிருந்து வானம் தெரிந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். படத்தை வரைந்து தரும் பகுதியை மூன்று தடவை மாற்றி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, கடைசியில் ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டபோது ரோடு முழுசாக எழுந்து வந்தது பாருங்கள். பாறை, தடுப்புச்சுவர், ஓரத்து வெள்ளைக் கோடு. பழைய பெட்டியில் அவர் பார்த்ததைவிடப் படம் இரண்டு மடங்கு தெளிவு. பையன்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். "அக்கா, சூப்பர்க்கா" என்றார்கள். எனக்குத் தலை கூரையில் இடித்தது.

பாய் உட்கார்ந்தார். ஆட்டத்தை ஓட்டுகிற கேம் பேடை இரண்டு கையிலும் ஏந்தி மடியில் வைத்தார். வண்டி கிளம்பியது. முதல் வளைவில் உரசினார், இரண்டாவதில் தட்டினார், மூன்றாவது வளைவில் நேராகப் போய்ச் சுவரில் மோதினார். மறுபடி. அதே மூன்றாவது வளைவு. அன்றைக்கு ஒரு மணி நேரமும் அதே கதைதான்.

மறுநாள் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மத்தியானத் தொழுகை முடித்து வருவார், ஒரு மணி நேரம் இருப்பார். பையன்கள் தோற்றால் பேடைத் தூக்கி எறிவார்கள். இவர் ஒவ்வொரு தடவை மோதும்போதும் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, படமெல்லாம் கண்ணாடி கணக்கா இருக்கு. ஆனா ஒண்ணு. இந்த மலையில ஒரு வளைவு முடிஞ்சு அடுத்த வளைவு வாரதுக்குள்ள நான் ஒரு மூச்சு இழுத்து விடுவேன். ரோட்டுலயும் அப்படித்தேன், இதுலயும் அப்படித்தேன். ஒரு மூச்சு, ஒரு வளைவு. இங்கன மூச்சு முழுசா முடியல, கொஞ்சூண்டு மிச்சம் இருக்கையிலயே வளைவு வந்து நிக்குது. மிஷின் ஏதும் ஓடி ஓடி வருதோ?"

என் பின்னால் நான்கு பையன்கள் நின்றிருந்தார்கள். இரண்டு நாள் உழைத்து எழுப்பின ரோடு திரையில் மினுங்கிக்கொண்டிருந்தது. மூச்சாம், வளைவாம். எனக்குச் சுருக்கென்றது.

"பாய், எட்டு சிஸ்டத்துக்கும் ஒரே செட்டிங். மத்தவுகளுக்கெல்லாம் சரியாத்தேன் ஓடுது. மிஷின்ல ஒண்ணுமில்ல. ஒங்க கையிதேன் முன்ன மாதிரி இல்ல போல."

அவர் கோபப்படவில்லை. பேடை ஒயர் சுற்றி ஓரமாக வைத்தார். எழுந்து நின்று, "அதத் தெரிஞ்சுக்கத்தேன் வந்தேன் தங்கச்சி. சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றார். அந்த நன்றி பொய்யில்லை. மனசாரச் சொன்னார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருடைய மனைவி வந்தார். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பையன்களுக்குக் கேட்காதபடி என் பக்கத்தில் வந்து பேசினார்.

"ஆத்தா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? கையி போச்சுன்னு நீங்க சொன்னதா இவுக சொன்னாக. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டிய எடுக்க ஆளு வாராக. நான் குறுக்க பேசல. ஆனா நேத்துப் பாலு பொங்கிருச்சு. நான் எட்டுறதுக்குள்ள இவுக உக்காந்த எடத்துல இருந்து அந்த எடது கையாலதேன் சட்டிய எறக்குனாக. ஒரு சொட்டுச் சிந்தல. கையி போனவுகளால அது முடியுமா? நெசமாவே மிஷின் சரியாத்தேன் இருக்கா?"

சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பால் சட்டி என் கண் முன்னால் நின்றது. "உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, சிடியைப் போட்டு நானே ஓட்டினேன். ரோடு நன்றாக இருந்தது. பாறை நன்றாக இருந்தது. ஓரத்துக் கோடு நன்றாக இருந்தது. நோட்டைப் புரட்டினேன், ஒரு தப்பும் இல்லை. மறுபடியும் திரையை உற்றுப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம். எனக்குப் பார்க்கத் தெரிந்ததை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் படத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் சொன்னது மூச்சு. மூச்சு என்பது படம் இல்லை, நேரம்.

திரையின் மூலையில் ஆட்டத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அறைக் கதவுக்கு மேல் என் சுவர்க்கடிகாரம். அவர் மனைவியிடம், "அந்தச் செவப்பு முள்ளு பன்னெண்டுக்கு வாரப்ப சொல்லுங்க, ஒரு சுத்து சுத்தித் திரும்ப வாரப்பவும் சொல்லுங்க" என்றேன். அவர் எழுந்து நின்று கடிகாரத்தையே பார்த்தார். "இப்ப" என்றார். நான் மூலையில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். முள் ஒரு சுற்று வந்தது. "இப்ப" என்றார். ஆட்டத்தின் கடிகாரத்தில் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி ஓடியிருந்தது.

இன்னொரு தடவை பார்த்தோம். அதே பன்னிரண்டு நொடி.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். துபாய்ப் பக்கத்து டிவிக்கென்று செய்த சிடி அது, நொடிக்கு ஐம்பது படம். நான் எட்டு சிஸ்டத்திலும் அறுபது என்று பூட்டி வைத்திருந்தேன். ஐந்து எடுத்துவைக்க வேண்டிய நேரத்தில் அந்த ஆட்டம் ஆறு எடுத்துவைத்தது. சத்தம் கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கே தெரிந்திருக்கும். எட்டு சிஸ்டத்தின் இரைச்சல் தாங்காது என்று ஸ்பீக்கர்களைக் கழற்றி வைத்திருந்ததும் நான்தான்.

நான் பிரமித்துப்போனது அந்த எண்ணைப் பார்த்து இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறில் ஒரு பங்கு நேரம் குறைகிறது. ஒரு மூச்சில் ஆறில் ஒரு பங்கு, கொஞ்சூண்டு. அதைத்தான் அந்த மனிதர் 'கொஞ்சூண்டு மிச்சம் இருக்கையிலயே வளைவு வந்து நிக்குது' என்று சொன்னார். மீட்டர் இல்லை, நோட்டு இல்லை, கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. நெஞ்சுக்குள் போய்வரும் காற்றை வைத்து, என் சிஸ்டம் சொல்லும் பொய்யை அது சொல்லும் அளவுக்கே பிடித்துக் கொடுத்துவிட்டார். நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரிய இன்ஜினியர்களைப் பார்த்துவிட்டேன். அந்த மாதிரி ஓர் அளவுகோலை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அறுபதை ஐம்பதாக்க மூன்று நொடி ஆனது. அதற்கப்புறம்தான் கஷ்டமே. நான் யோக்கியமானவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் மனதில் முதலில் வந்தது, 'படத்துல ஒரு சின்னக் கோளாறு இருந்துச்சு, சரிபண்ணிட்டேன், வந்து ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க' என்ற வாக்கியம்தான். சுத்தமான வாக்கியம். யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவதாக ஒரு பயம் வந்தது. 'கை நல்லா இருக்கு, போய் ஓட்டுங்க' என்று நான் இப்போது சொல்லி, நாளை பதினைந்து பெண்களோடு அந்த ஜீப் மலையில் ஏறி ஏதாவது ஆகிவிட்டால்? நான் ஒரு தீர்ப்பைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அதை மறைக்க அவசரப்பட்டு இன்னொரு தீர்ப்பைச் சொல்லப் பார்க்கிறேன். கை நன்றாக இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது பன்னிரண்டு நொடி மட்டும்.

"என்ன ஆத்தா, கெடச்சுதா?" என்று அவர் மனைவி என் முகத்தைப் பார்த்தார்.

"கெடச்சுருச்சு. தப்பு என்மேலதேன். பாயைக் கூட்டியாங்க, அவுககிட்ட நானே சொல்றேன்."

அரை மணியில் வந்துவிட்டார். அன்றைக்கு நின்ற அதே பையன்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். எந்த எண்ணை யார் எப்போது எழுதினது, எத்தனை வேகமாக ஓடியது, எல்லாம். "மிஷின் தப்புன்னு மட்டும் எனக்குத் தெரியும் பாய். ஒங்க கையப் பத்தி அன்னைக்கும் எனக்குத் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரிப் பேசிப்புட்டேன்" என்றேன். 'தெரியாது' என்ற சொல்லை அந்த அறையில் முதல்முறையாகச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அம்பது போக வேண்டிய எடத்துல அறுபது?"

"ஆமா பாய்."

"அப்ப என் மூச்சு சரியாத்தேன் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உட்கார்ந்தார். பேடை எடுத்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு நெருங்கியது. அவர் மூச்சை இழுத்தார், விட்டார், விட்டு முடித்த அந்த இடத்தில் வளைவு வந்தது. கட்டைவிரல் லேசாகச் சாய்ந்தது. கார் ஓரத்துக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் நிமிர்ந்தது. அதற்கப்புறம் ஒரு வளைவிலும் அவர் திணறவில்லை. எந்த நேரத்தில் எது வரும் என்று அந்த மலையே அவரிடம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது. பையன் ஒருவன் தன்னையறியாமல் கைதட்டினான். நான் சரிசெய்த படத்தை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடித்ததும் பேடை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது ஆட்டம். இனி ரோட்டுல பாக்கணும். வெறும் வண்டியாத்தேன் போகணும். நீங்க சொன்னத நம்பி வண்டியக் குடுக்க இருந்தேன் தங்கச்சி. அதனால நாளைக்கு வெள்ளன நீங்களும் பக்கத்துல ஒக்காரணும்."

அதில் கோபம் இல்லை, ஆனால் நியாயம் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போகாமல் கம்பத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன்.

இருட்டு பிரியும் முன்பே கிளம்பினோம். முன்சீட்டில் நான், பின்னால் அவர் மனைவி. திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் சாரல் விழுந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் நான் அந்த இடது மணிக்கட்டைப் பார்த்தேன், தழும்பு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்து தெரிந்து மறைந்தது. பின்னாலிருந்து ஓதும் சத்தம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நானும் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டி சாய்ந்த அந்த வளைவு எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓதுகிற சத்தம் நின்றதும் தெரிந்துவிட்டது. மேலேயிருந்து லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அவர் வளைவுக்குள் போகவில்லை. வெளியிலேயே மலையோரம் ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். லாரி எங்களை உரசுவதுபோலக் கடந்தது. போன பிறகும் சற்று நேரம் அப்படியே இருந்தார். 'போகலாம் பாய்' என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, சொல்லவில்லை. நான் அந்த வருடத்தில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு அவரே பிரேக்கை விடுவித்து, சறுக்காமல், அவசரமில்லாமல், அந்த வளைவை முழுசாகத் திரும்பினார்.

மேலே கம்பம்மெட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பி இறங்கினோம். பாதி இறக்கத்தில் அவர் மனைவி, "பத்து மணிக்கு அந்த ஆளு வருவாகளே" என்றார். பாய் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்தா, வண்டி மலைக்குப் போயிருக்குன்னு சொல்லு" என்றார். திரும்பிப் பார்த்தேன், முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒருவர் வந்து குறை சொன்னால், அவர் சொல்வது உங்களுக்குப் பழக்கமான மொழியில் இருக்காது. மூச்சு என்பார், பால் என்பார். நீங்கள் அளந்து பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அளக்காததைப் பற்றி, முக்கியமாக அவருடைய கையைப் பற்றி, ஒரு வார்த்தை பேசாதீர்கள். நாம் சரிபார்ப்பது மிஷினை. அதை எதிரில் வைத்துக்கொண்டு அவர் எதைச் சரிபார்க்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

கம்பத்துக்குள் வரும்போது விடிந்துவிட்டது. ஜீப் ஸ்டாண்டில் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். இவருடைய வண்டியைக் கண்டதும் பேச்சு நின்றது. பாய் இன்ஜினை அணைத்தார், ஆனால் இறங்கவில்லை. "ஏறுங்க" என்று கூப்பிடவும் இல்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி கண்ணாடிக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்திலும் மலையிலும் தயங்காத கை அப்போது ஹாரன் வரைக்கும் போய்த் திரும்பியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் தையல் தழும்பு. அவர் பாயைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. நேராக என் பக்கத்துக்கு வந்து, தூக்குவாளியை என் காலடியில் வைத்தார்.

"எறங்கு ஆத்தா" என்றார். "அது என் எடம்."

நான் இறங்கிக்கொண்டேன்.